சரளா அக்கா அன்று ஏன் பின் கண்ணாடியை மாட்டவில்லை

"இந்த ரப்பர்ல எண்ணெய் தடவுனது யாரு?"

சரளா அக்கா இப்படிக் கேட்டபோது எங்கள் வீட்டு வாசலில் ஒன்பது பேர் நின்றிருந்தோம். பதில் என் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

சரளா அக்கா கார்களுக்குக் கண்ணாடி மாட்டுபவர். வயது முப்பத்தெட்டு. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அங்கே இப்போது ரப்பர் மரமே கிடையாது, பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி வீடமைப்பு. வீட்டுக்காரர் ஜொகூரில் கிரேன் ஓட்டுகிறார், மாதம் ஒரு முறை வருவார். அக்கா முதலில் ஈப்போவில் ஒரு கண்ணாடிக் கடையில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தார். ஒரு நாள் கண்ணாடி மாட்டும் ஆள் வரவில்லை. வாசலில் மீன் லோரிக்காரர் ஐஸ் உருகுகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறிவிட்டார். அன்றிலிருந்து ஒன்பது வருடம் அவர்தான் மாட்டினார். ஆனால் வாடிக்கையாளர் வந்து கேட்டால் முதலாளி, "உள்ள பையன் இருக்கான், பாத்துக்குவான்" என்பாராம். அந்தப் பையன் சரளா அக்காதான்.

மூன்று மாதத்துக்கு முன்பு அக்கா அந்த வேலையை விட்டார். ஒரு பழைய வேன் வாங்கி, அதன் பக்கவாட்டில் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெரிதாக எழுதினார். புதுக் கார்களுக்குப் பசை போட்டுக் கண்ணாடி ஒட்ட எல்லாக் கடையிலும் ஆள் உண்டு. பழைய கார்களுக்கு ரப்பர் வைத்து மாட்ட வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும் என்பதால் பல கடைகள் தொடுவதில்லை. அக்கா அந்த வேலையைத்தான் நம்பி இறங்கினார்.

என் அப்பா பழனியப்பன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் 1968ஆம் வருட மோரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. சாயம் அடிப்பதற்காக அதன் கண்ணாடிகளைக் கழற்றினார்கள். சாயம் காய்ந்ததும் அப்பாவும் நண்பர்களும் தாங்களே முன் கண்ணாடியை மாட்டப் போனார்கள். ஆறு பேர் ஆறு மூலையை அழுத்தினார்கள், கண்ணாடிக்கு நான்கு மூலைதான் இருக்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. "டக்" என்று ஒரு சத்தம், மேலிருந்து கீழே வரை விரிசல்.

புது முன் கண்ணாடி செய்யச் சொல்லி வாங்கியாயிற்று. பின் கண்ணாடி காரோடு வந்தது, அதற்கு இன்னொன்று கிடைக்கவில்லை. அப்பா அதை இரண்டு கம்பளியில் சுற்றித் தன் அலமாரிக்குள் படுக்க வைத்திருந்தார்.

சரளா அக்காவை அழைக்கச் சொன்னது அப்பாவின் நண்பர் ஜஹாங்கீர் அண்ணன். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். பழைய கார்க்காரர்கள் நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. "இது நல்லா வந்துச்சுன்னா அடுத்தது என் வால்வோ. அதுக்கப்புறம் குழுவுல பாதிப் பேரு உங்ககிட்டதான்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அதனால் அக்காவுக்கு அது வெறும் ஒரு கார் வேலை அல்ல. அந்த வேன் ஓடுமா, நிற்குமா என்பதே அன்றைக்குத் தெரிந்துவிடும்.

வேலை சனிக்கிழமை என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா ரப்பர்களைத் தடவிப் பார்த்து, "ரொம்பக் காஞ்சு கெடக்குலா" என்று முணுமுணுத்தார். எங்கள் வீட்டில் காய்ந்து கிடக்கும் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான். தலைமுடிக்கு, வெடித்த குதிகாலுக்கு, கதவுக் கீலுக்கு. பள்ளி முடித்து ஐந்து மாதத்தில் மூன்று வேலை மாறிவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான், யாரும் கேட்காமலே ஒரு உதவி செய்தேன். ஒரு போத்தல் எண்ணெயை எடுத்து, பின் கண்ணாடி ரப்பரில் தேய்த்து ஊற வைத்தேன். முன் கண்ணாடி ரப்பருக்கு எண்ணெய் மிஞ்சவில்லை.

சனிக்கிழமை காலை ஜஹாங்கீர் அண்ணன் ஐந்து நண்பர்களோடும் தன் வால்வோவோடும் வந்து இறங்கினார்.

"தங்கச்சி, கை குடுக்க ஆள் வேணுமா? பழனியோட சேத்து ஏழு பேரு இருக்கோம்."

"வேணும்ணே. ஒரு ஆளு போதும். மத்த ஆறு பேரும் அந்த மரத்தடியில நின்னு டீ குடிச்சீங்கன்னா பெரிய உதவி."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் நகர்ந்தார்கள்.

அக்கா மோதிரத்தையும் வளையலையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். கார்க் கதவு இரண்டையும் திறந்து வைத்தார். முன் கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் வெளிப்பக்கப் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிலும் செருகினார். கயிற்றின் இரண்டு நுனியும் கீழே நடுவில் தொங்கின. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தடவி, அப்பாவும் அவருமாகக் கண்ணாடியைத் தூக்கி, கயிற்று நுனிகள் உள்ளே விழும்படி காரில் வைத்தார்கள். பிறகு அக்கா உள்ளே போய் உட்கார்ந்து கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நான் உள்ளேருந்து எங்க தட்டுறேனோ அங்க மட்டும் உள்ளங்கையால அழுத்துங்க. தட்டாத எடத்துல கை வைக்கக் கூடாது."

"முப்பத்தஞ்சு வருசம் லோரி ஓட்டியிருக்கேம்மா."

"இது லோரி இல்லண்ணே. சபார், பொறுமை வேணும்."

அக்கா விரல் முட்டியால் தட்டினார், அப்பா அழுத்தினார். அக்கா இழுக்க இழுக்கக் கயிறு ஒவ்வொரு அங்குலமாக வெளியே வர, ரப்பரின் உதடு காரின் தகட்டு விளிம்பின் மேல் மடிந்து உட்கார்ந்தது. வீட்டில் யார் பேச்சும் கேட்காத அப்பா அந்த முட்டிச் சத்தத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தார். முக்கால் மணி நேரத்தில் முன் கண்ணாடி முடிந்தது. மரத்தடியில் கைதட்டினார்கள். ஜஹாங்கீர் அண்ணன் தன் வால்வோவைக் காட்டி, "அவ காத்துக்கிட்டிருக்கா தங்கச்சி" என்றார்.

அடுத்து அக்கா பின் ரப்பரைக் கையில் எடுத்தார். அது வழுக்கியது. முகர்ந்து பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி.

அக்கா ரப்பரைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, துடைத்து, கண்ணாடியைச் சுற்றி மாட்டிப் பார்த்தார். ஊறி நீண்டுவிட்ட ரப்பர், இடுப்பு லூசான சிலுவார் கால்சட்டை மாதிரி கீழே தொங்கியது.

"கொஞ்சம் வெட்டிட்டு ஒட்டிடலாம்லா" என்றார் ஒரு நண்பர்.

"வெட்டுன எடத்துல மழைத்தண்ணி எறங்கும்ணே."

"இழுத்துப் பிடிச்சு நாங்க எல்லாரும் அழுத்துனா?"

"அழுத்துனா கண்ணாடி போயிடும். முன்னாடி கண்ணாடி மாதிரி இது விரிசல் விடாது. ஓரத்துல அடி பட்டா மொத்தமும் கல்கண்டு மாதிரி கொட்டிடும்."

"என்ன தங்கச்சி, முன்னாடி வீரம், பின்னாடி பயமா?" என்றார் ஜஹாங்கீர் அண்ணன்.

அக்கா அவரையும் பார்த்தார், ரோட்டோரம் நின்ற வால்வோவையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தூக்கி மறுபடியும் இரண்டு கம்பளியில் சுற்றினார். "புது ரப்பர் வரவழைங்க அண்ணே. வந்ததும் ஒரு போன் போடுங்க, ஓடி வாரேன். இன்னைக்கு மாட்ட மாட்டேன்." மோதிரத்தையும் வளையலையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலமே குழுவில் எங்கள் காரின் படம் வந்தது. முன்னால் கண்ணாடி மின்னியது, பின்னால் ஓட்டை. கூடவே ஜஹாங்கீர் அண்ணனின் குரல்: "முன்னாடி ஜோரு, பின்னாடி காத்து! தங்கச்சி பயந்து ஓடிருச்சுலா!" திங்கட்கிழமைக்குள் அது தெற்கே தூரத்தில் இருக்கும் தஞ்சோங் மாலிம் வரை போய்விட்டது. அக்காவிடம் நாள் குறித்திருந்த இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். வால்வோவுக்கும் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று பதில் வந்தது.

நான் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"முழு போத்தலுமா?"

"முழு போத்தலும்ப்பா."

"மூணு தலைமுறையா ரப்பர் பால் எடுத்த குடும்பம்! ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுன்னு ஒருத்திக்குத் தெரியல!" என்று கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும்தான் தெரியாது" என்றார்.

புது ரப்பர் பத்தொன்பதாம் நாள் வந்தது. அக்கா வேனை விட்டு இறங்கியதும் அவரிடமும் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே தெரியும்லா. நீ குடுத்த டீ கிளாஸ் கையில நிக்கல, அப்படி வழுக்குச்சு."

"அப்புறம் ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா ரப்பர் சுருங்கிடுமா? ஆறு ஆம்பளைங்களுக்கு முன்னாடி உன்னைய நிக்க வச்சு, அவங்க சிரிச்சு... போலா. ரெண்டு கார் போனா போகட்டும்."

அன்று நாங்கள் மூன்று பேர்தான். அக்கா உள்ளே தட்ட, அப்பா வெளியே அழுத்த, இருபத்தைந்து நிமிடத்தில் பின் கண்ணாடி உட்கார்ந்தது. ரப்பர் குழாயை வைத்துப் பத்து நிமிடம் தண்ணீர் அடித்தோம். உள்ளே ஓரம் முழுக்க வைத்திருந்த டிஷ்யூத் தாளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மறுநாள் பஸ் ஏறி ஜஹாங்கீர் அண்ணன் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீயா? அடிப்பாவி! நான் அந்தப் புள்ளைய இல்ல ஓட்டிட்டேன்!"

அங்கேயே அக்காவை அழைத்து மன்னிப்புக் கேட்டு, வால்வோவுக்கு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார். குழுவிலும் உண்மையை எழுதினார். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து எனக்கு ஒரு போன் வந்தது.

"ஷாமினி, எழுதிட்டேம்மா. ஆனா யாரு படிக்கிறா? நான் சொன்ன ஜோக்க நாப்பது பேரும் நாலா பக்கமும் அனுப்புனானுங்க. இதுக்கு ஒரே ஒரு லைக்கு. அதுவும் உங்கப்பா."

வேலையை விட்டு வந்த ஒரு பெண்ணின் பெயர் ஒரு சிரிப்போடு கெட்டுவிட்டது. கெட்டதற்குக் காரணம் என் கை. என்னிடம் நாற்பது பேர் இல்லை, இந்தக் கதை மட்டும்தான் இருக்கிறது. படித்த நீங்கள் பழைய கார் வைத்திருக்கும் ஒருவருக்காவது இதை அனுப்புங்கள். அந்த ஓட்டைக் கார் படத்தை உங்களுக்கு அனுப்பியவர் யாராவது இருந்தால், முதலில் அவருக்கு.