ஏழு வீடு எழுதிக்கொடுத்த நடிகன்

நாடகக் குழுவுக்குப் பயிற்சிக்குப் போகிறவருக்கு முதலில் கிடைப்பது நடிக்கிற பாத்திரம் அல்ல, கழுவுகிற பாத்திரம். மனைவி கண்மூடியபின் வீட்டில் சத்தமே இல்லை. அதற்காகவே அறுபத்தொரு வயதில் வார இறுதி வகுப்பொன்றில் நாடகம் படிக்கச் சேர்ந்தேன். அதுவரை இரவல் புத்தகங்களில் நானாகப் படித்ததுதான் என் படிப்பு. சான்றிதழ் வேண்டுமென்றால் கிளிநொச்சியில் ஒரு சிறு குழுவோடு மூன்று மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். கொடுத்த வசனத்தைக் கொடுத்தபடி ஒரு தடவையாவது மேடையில் சொல்ல வேண்டும். அப்போதுதான் நெறியாளர் படிவத்தில் கையெழுத்து வைப்பார். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்னைப் போன்றவர்களே, இது உங்களுக்காக எழுதியது.

பிள்ளை எங்கே?

முதல் நாள் புதுக் கொப்பியும் பேனையுமாகப் போய் நின்றேன். நெறியாளர் வதனி ரீச்சருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். கதிரை தந்து, தண்ணீர் தந்து, "ஐயா, பயிற்சிக்கு வாற பிள்ளை எங்க?" என்று வாசலை எட்டிப் பார்த்தார். அந்தப் பிள்ளை நான்தான் என்றேன்.

பக்கத்தில் புடவைக்கடை நசீர் இருந்தார். குழுவின் ராசா, வில்லன், சம்பந்தி எல்லாம் அவர்தான். என் கொப்பியை வாங்கி, உறையில் எழுதியிருந்த பெயரை வாசித்துவிட்டு, அண்ணன்மாரைக் கூப்பிடும் 'காக்கா' முறை வைத்துக் கேட்டார்: "காக்கா, பள்ளிக்கூடம் விட்டாக் கூட்டிக்கொண்டு போக ஆர் வருவினம்?"

ராசாவின் சிம்மாசனம்

அக்கராயனில் ராசா கதை போட்டோம். சிம்மாசனத்துக்கு, செத்தவீடுகளுக்கு உதவுகிற அந்த ஊர் மரணாதார சங்கத்தின் பெரிய கதிரை இரவலாகக் கிடைத்தது. சாயும் பலகையில் சங்கத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதைச் சிவப்புத் துணியால் மூடுவது என் வேலை. மூடினேன். ஊசி குத்த மறந்தேன். ராசா கோபத்தோடு எழும்பியபோது துணியும் அவருடைய வாளோடு எழும்பிப் போய்விட்டது.

சபை முழுவதும் எழுத்துக்கூட்டி வாசித்தது. முன்வரிசையில் இருந்த சங்கத்துப் பொருளாளர் அம்மா எழுந்து நின்றார்: "ராசா, சண்டை பிடியுங்கோ, ஆனாக் கதிரையை உடைச்சுப் போடாதேங்கோ. நாளைக்கு ஒரு செத்தவீட்டு எட்டுச் செலவு இருக்கு!"

ஏழு வீடு

ஒருவழியாக எனக்கும் ஒரு பாத்திரம் வந்தது. சீதன நாடகத்தில் பெண்ணின் தகப்பன். வசனம் ஒரே சொல். மாப்பிள்ளையின் தகப்பனாக நசீர், "மகள் போனாப் பிறகு தனிய இருந்திடுவீங்கதானே? வீட்டை எழுதித் தருவீங்களோ?" என்பார். நான் மறுத்து "ஏலாது" என்று சொல்ல வேண்டும்.

"ஓம்" என்றேன். திரும்பச் செய்தோம். "ஓம்."

முப்பத்துநாலு வருடக் குடும்பத்தில் கதை முழுவதும் மனைவியுடையது, ஓம் மட்டும் என்னுடையது. சந்தைக்குப் போறியளோ? ஓம். கறிக்கு உப்புக் காணுமோ? ஓம். நாக்குக்கு வேறு பாதை தெரியாது. மத்தியானம் நசீர் சால்வையைக் கழற்றி எறிந்தார்: "காக்கா, விடிஞ்சதில இருந்து ஏழு வீடு எழுதித் தந்திட்டீங்க. எனக்கிருக்கிறது ஒரு மகன், மிச்சம் ஆறையும் வாடகைக்கு விடட்டோ?"

தேத்தண்ணி

பூவரசங்குளத்தில் முதல் மேடை. நசீர் கேட்டார். நான் தலையையும் ஆட்டி, "ஓம்" என்றேன். இனி நாடகமே இல்லை, தகப்பன் சம்மதித்துவிட்டான்.

என் மகளாக நடித்த சுகி, மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, தையல் வேலை செய்பவள். கையில் தேநீர்க் கோப்பையோடு குசினிப் பக்கமிருந்து ஓடி வந்தாள். அவள் சொன்னதற்குக் கிடைத்த கைதட்டு எழுதிய எந்த வசனத்துக்கும் கிடைக்கவில்லை. அடுத்த இரண்டு மேடைகளிலும் அதையே சொல்லி என்னைக் காப்பாற்றினாள். படிவம் மட்டும் வெறுமையாகவே கிடந்தது. அவள் சொன்னது இதுதான்: "அப்பா ஓம் சொன்னது ஒங்களுக்கு இல்ல மாமா, தேத்தண்ணி வேணுமான்னு நான் உள்ள இருந்து கேட்டேன், அதுக்கு!"

பஸ்ஸில் ஒத்திகை

கடைசி மேடை முல்லைத்தீவில். அதிலும் தவறினால் மூன்று மாதமும் வீண். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு "ஏலாது, ஏலாது" என்று பாடமாக்கினேன். "ஐயா, கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி நில்லுங்கோ" என்றார் கொண்டக்டர். "ஏலாது!" என்றேன். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கொண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "வீட்டுக்கார அம்மாவோடயும் இப்பிடித்தானோ ஐயா கதைக்கிறனீங்கள்?"

ஏலாது

அந்தக் கேள்வி மேடை வரை கூடவே வந்தது. நசீர் வழமைபோல், "தனிய இருந்திடுவீங்கதானே?" என்றார். ஆஸ்பத்திரியில் கடைசியாக என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். அதற்கும் பழக்கத்தில் ஓம் என்றே சொல்லியிருந்தேன்.

"ஏலாது" என்றேன். கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். நசீர் தன் அடுத்த வசனத்தை மறந்துபோய் நின்றார். வதனி ரீச்சர் திரைக்குப் பக்கத்தில் படிவத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போடுவது தெரிந்தது. காப்பாற்றுவதற்கென்று கோப்பையோடு பாதி தூரம் ஓடி வந்துவிட்ட சுகிதான் பாவம், எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அப்ப தேத்தண்ணியும் ஏலாதாப்பா?"

மூன்று மாதத்தில் நான் படித்து முடித்தது ஒரேயொரு சொல், அதுவும் அடுத்த நாடகத்துக்கு வாறியளோ என்று ரீச்சர் கேட்கும்போது மட்டும் வாயில் வருவதில்லை.