எண்பது லிட்டர் தண்ணீரும் ஒரு சனிக்கிழமைக் குளியலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடம் யோசித்தேன். இரண்டு முறை தொடங்கிப் பாதியில் கிழித்துப் போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எழுத்துப் பழக்கம் இல்லாதது ஒரு காரணம் என்றால், வெட்கம் அதைவிடப் பெரிய காரணம். பண்பொழி மலைமேல் இருக்கும் திருமலைக் குமாரனை நினைத்துக்கொண்டு இன்று எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரி காலமான அடுத்த வருடம், ஐப்பசி மாதம், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் வேலை பார்க்கும் என் மகன் குமார் என்னை அங்கே அழைத்துக்கொண்டான். மருமகள் செல்வி கடையத்துப் பெண். "வீட்டுக்குள்ளயே இருந்தா மாமாவுக்கு அத்தை நெனப்பாவே இருக்கும். எங்கயாவது கூட்டிட்டுப் போவோம்" என்று அவள்தான் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள்.

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் சின்ன வண்டி ஒன்று. கேம்பர் டிரெய்லர் என்கிறார்கள். மூடியைத் திறந்து விரித்தால் கூடாரம், உள்ளே படுக்கை. பின்பக்கம் ஒரு தட்டை இழுத்தால் அடுப்பு. அடியில் எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகும். குழாயில் தண்ணீர் வரும். பக்கவாட்டில் துணி மறைப்புக் கட்டி, தலைக்கு மேலே பூவாளி மாதிரி ஒன்றை மாட்டிக் குளிக்கவும் செய்யலாம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டிக்குத் திருநீறு பூசினேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். முந்நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் போய், போர்ட் அகஸ்டா என்ற ஊரில் தங்கினோம். வெள்ளிக்கிழமை காலை அங்கே தொட்டியை நிரப்பிக்கொண்டு வடக்கே திரும்பினோம். பிறகு மரம் குறைந்தது; வீடு குறைந்தது. செம்மண் மட்டும்தான். பிற்பகல் இரண்டு மணிக்கு கிளென்டாம்போ என்ற இடத்தில் பெட்ரோல் போட்டபோது குமார் சொன்னான்: "இத விட்டா கூபர் பீடி வரைக்கும் எரநூத்தம்பது கிலோமீட்டருக்கு ஒண்ணும் கெடையாதுப்பா. கடையும் கெடையாது, தண்ணியும் கெடையாது."

நான் தலையை ஆட்டினேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. தென்காசிக்காரனிடம் தண்ணீர் கிடையாது என்றால் எப்படி ஏறும்? மேற்கே பார்த்தால் மலை, மலையில் மேகம், மேகத்துக்குக் கீழே அருவி என்று வளர்ந்தவன்.

நூறு கிலோமீட்டர் தாண்டி, சாலையோரம் வண்டி நிறுத்தும் இடத்தில் கூடாரத்தை விரித்தோம். நாலு திக்கிலும் வானம் தரையைத் தொட்டது. என் மனம் குற்றாலத்துக்குப் போய்விட்டது. சாரல் காலத்தில் சனிக்கிழமை தோறும் முதல் பஸ்ஸில் நானும் என் வீட்டுக்காரியும் போவோம். பெண்கள் பக்கம் அவள். ஆண்கள் பக்கம் நான். குளித்துவிட்டு நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடை வாசலில் சேருவதாகப் பேச்சு. எப்போதும் நான்தான் பிந்துவேன். "அருவியக் கையோட கொண்டாந்துருவியளோன்னு பாத்தேன்" என்பாள்.

மறுநாள் சனிக்கிழமை. நாற்பது வருடமாக நான் சனி எண்ணெய்க் குளியலைத் தவறவிட்டதில்லை. ஊரிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலும் சீயக்காய்த் தூளும் கொண்டுபோயிருந்தேன். பிள்ளைகள் எழுவதற்குள், விடியும் வேளையில், உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு பூவாளிக்கு அடியில் நின்றேன். மோட்டார் முனகியது. கண்ணை மூடினேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எண்ணெய் போகப் போகத் தேய்த்தேன். அந்த முனகல் எனக்கு அருவிச் சத்தமாகவே கேட்டது. பிறகு குழாய் இரண்டு தும்மல் போட்டு நின்றுவிட்டது.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, திருநீறு பூசி, ஒன்றும் நடக்காதவன் போல நாற்காலியில் உட்கார்ந்தேன். செல்வி எழுந்து வந்து காப்பிக்குக் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. துணி மறைப்பின் பக்கம் பார்த்தாள். செம்மண்ணில் எண்ணெய் மினுமினுத்தது; சீயக்காய் நுரை இன்னும் வற்றவில்லை.

குமார் வெளியே வந்து, "என்னாச்சு?" என்றான்.

"தண்ணி இல்ல. ராத்திரி பாத்திரம் கழுவிட்டு நாந்தான் குழாய ஒழுங்கா மூடல போல" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே, செருப்புக் காலால் அந்த நுரைமேல் மண்ணைத் தள்ளினாள்.

"ஏட்டி, ஒனக்கு அறிவிருக்கா? இது என்ன ஒங்க கடையத்துத் தோட்டமா, பம்புசெட்டப் போட்டு வுடுததுக்கு?" என்று கத்தினான். இன்னும் என்னென்னவோ சொன்னான். அவள் தலை குனிந்து நின்றாள். நான் வாய் திறக்கவில்லை.

குடிக்க மட்டும் தனியாகப் பத்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரு பாட்டில் என்று பிரித்துக்கொண்டு கிளம்பினோம். ஒன்பதரை மணிக்கு டிரெய்லர் டயர் வெடித்தது. போனில் சிக்னல் இல்லை. சக்கரத்தின் திருகாணி ஒன்று துருப்பிடித்து இறுகிவிட்டது. வெயில் ஏற ஏற இரண்டு மணி நேரம் போராடினோம். கேனில் மிச்சமிருந்த தண்ணீரும் தீர்ந்துபோயிற்று; ஆளுக்கு அந்த ஒரு பாட்டில்தான். "இது கழலலன்னா எவனாவது வார வரைக்கும் இங்கனதான் கெடக்கணும்" என்றான் குமார். குமாரா, காப்பாற்று என்று மலைமேல் இருப்பவனை வேண்டிக்கொண்டேன். எந்த முகத்தோடு வேண்டினேனோ!

கையெல்லாம் கரியும் செம்மண்ணுமாக இருந்தது. செல்வி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். "மாமா, கைய நனைச்சிட்டு சாமி கும்பிட்டுக்கோங்க. மனசுக்குத் தெம்பா இருக்கும்."

கையைக் கழுவிய பிறகுதான் பார்த்தேன். அவளுடைய பாட்டில் காலியாக இருந்தது. உதடு வெடித்திருந்தது.

பன்னிரண்டு மணிக்கு எதிரே ஒரு வண்டி வந்து நின்றது. வயதான வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கினார். யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. "வாட்டர்?" என்றுதான் முதலில் கேட்டார். இருபது லிட்டர் கேனை இறக்கி வைத்தார்; நீளமான கம்பி ஒன்றைக் கொடுத்துத் திருகாணியையும் கழற்ற உதவினார். கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். மூன்றரை மணிக்குக் கூபர் பீடி போய்ச் சேர்ந்தோம். அங்கே காசு போட்டால்தான் குழாயில் தண்ணீர் வரும். குமார் காசு போட்டுத் தொட்டியை நிரப்பிய நேரம் முழுவதும் நான் காரைவிட்டு இறங்கவில்லை.

பாவம் அதோடு முடிந்திருக்கலாம். ஊருக்குத் திரும்பியதும் டீக்கடையில் கேட்டார்கள்: "அண்ணாச்சி, அங்கன குளியலெல்லாம் எப்படி?"

"குளியலா? மருமக ஒரு டம்ளர் தண்ணி தந்தா. அதுலதான் எல்லாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்துச் சுரண்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், நான் யார் என்று தெரியாமலே சொன்னார்: "தென்காசியில ஒரு பெரியவர வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, மருமக குளிக்கத் தண்ணி குடுக்காம வச்சிருந்தாளாம்லா. கேட்டியளா கதைய?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அது கடையத்துக்கும் போயிற்று. செல்வியின் அப்பா போன் செய்தார். "எம் மவ அப்படிப்பட்டவ இல்ல அண்ணாச்சி" என்றார். "ஊர் பேசும், விடுங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை.

இந்த ஆடியில் செல்வி ஊருக்கு வந்திருந்தாள். குற்றாலம் கூட்டிப் போனேன். நல்ல சாரல், அருவியில் தண்ணீர் பொங்கி விழுந்தது. அதே சிப்ஸ் கடை வாசலில் ஈரத் தலையோடு வந்து நின்றாள். ஊர்ப் பேச்சு அவள் அம்மா வழியாக எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"மாமா, ஒங்க நல்லெண்ணெய்ப் பாட்டில அன்னிக்கு டிரெய்லர்லயே விட்டுட்டிய. அவுக கண்ணுல பட்டுரக் கூடாதுன்னு என் பைக்குள்ள வச்சிட்டேன். இன்னும் பாதி இருக்கு" என்றாள்.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்தேன். அன்று மாலையே கடையம் போய் அவள் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். ராத்திரி குமாருக்குப் போன் செய்து சொன்னேன். மிச்சம் இருப்பது ஊர்தான்.

அந்தத் தண்ணீரைத் தீர்த்தவன் நான். அந்த ஒரு டம்ளர், அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீர். இதைப் படிக்கிறவர்கள் தென்காசியிலும் சுரண்டையிலும் கடையத்திலும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு ஒரு சொட்டும் குறைக்க வேண்டாம். சுவைக்காக ஒரு சொட்டும் கூட்ட வேண்டாம். முன்பு நான் சொன்னதை ஊர் கூட்டித்தான் சொன்னது. இதையாவது இருக்கிறபடியே சொல்லுங்கள்.