புரூஃப் சாரும் பொய் விளக்கும்

அந்தக் குடியிருப்பில் யார் கார் வாங்குவதானாலும் முதலில் புரூஃப் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். மனிதருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. மோட்டார் பத்திரிகை ஒன்றில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துவது அவர் வேலை. எந்த வண்டி உழைக்கும், எது காலை வாரும் என்று அந்தப் பத்திரிகை வருஷாவருஷம் சிறப்பிதழ் போடும். அதை அச்சுக்குப் போகுமுன் வரி வரியாகப் படிக்கிற ஒரே ஜீவன் அவர்தான். இத்தனை கமா போட்டவருக்குக் கருத்துச் சொல்ல உரிமை இல்லையா என்ன?

அவர் கட்சி ஒன்றே ஒன்றுதான். ஐரோப்பியச் சின்னக் கார் என்றால் பழசுதான் வாங்க வேண்டும்.

"அது இரும்புங்க. கோளாறுன்னா முனகும், இருமும், புகை விடும். நமக்குப் புரியும். புதுசெல்லாம் பிளாஸ்டிக். கண்ட கண்ட விளக்கைப் போட்டு மிரட்டிட்டு, கடைசியில சொல்லாம கொள்ளாம நடுரோட்டுல கண்ணை மூடிடும்."

இந்தப் பேச்சில் மயங்கி, இரண்டாம் மாடிப் பல் டாக்டர் தன்னைவிட மூத்த கார் ஒன்றை வாங்கினார். கிளம்ப வேண்டுமானால் அதை யாராவது தள்ள வேண்டும். நிறுத்தினால் மறுபடியும் தள்ள வேண்டும். டாக்டர் வருத்தப்பட்டாரா? இல்லவே இல்லை. "இருந்தாலும் பாடி கல்லு மாதிரி" என்று மார்தட்டிக்கொண்டார். தள்ளியவர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். கனம் அவர்களுக்குத்தானே தெரியும்.

குடியிருப்பே காது கொடுத்த பேச்சு, வீட்டில் மட்டும் எடுபடவில்லை. புரூஃப் சாரின் வீட்டம்மா ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவர். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி இறங்கி முட்டி தேய்ந்துபோனவர். புரூஃப் சார் கார் புராணத்தை ஆரம்பித்தால் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அது சாருக்குத் தீராத மனக்குறை.

இப்படி இருக்கையில் வீட்டம்மாவின் தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினான். போகிறபோது தன் காரை அக்காவிடம் விட்டுப்போனான். ஐரோப்பியச் சின்னக் காரேதான், ஆனால் மெருகு கலையாத புதுசு. வீட்டம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் உண்டு. சாவி கைக்கு வந்த அன்றே ஐஸ் பெட்டியைப் பின்சீட்டில் வைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நான் அதுல கால் வைக்க மாட்டேன். ஒரு மாசம் தாங்காது, பாரு" என்றார் புரூஃப் சார்.

"ஆகட்டும்" என்றார் வீட்டம்மா.

மாசங்கள் போயின. கார் மழையில் ஓடியது, மேட்டில் ஓடியது, ஒரு முனகல்கூட இல்லை. "என்ன சார், வீட்டுக் கார் இன்னும் நிக்கலையா?" என்று மாடிப்படியில் பார்க்கிறவர்களெல்லாம் நலம் விசாரித்தார்கள். சார் தினம் சாயங்காலம் ஜன்னலில் நின்று, இன்றைக்காவது அது வழியில் நின்றுபோகாதா என்று பார்ப்பார். உள்ளே இருப்பது தன் மனைவி என்பது அவர் புத்தியில் உறைக்கவே இல்லை. அதுதான் வெட்கக்கேடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது.

"ஏங்க, வண்டி நின்னுடுச்சு. மார்க்கெட் திருப்பத்துல நிக்கறேன். ஐஸ் கரையுது, ரத்தமெல்லாம் கெட்டுப்போயிடும். சீக்கிரம் யாரையாவது கூட்டிட்டு வாங்க."

புரூஃப் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "நின்னுடுச்சு! நான் அப்பவே சொல்லல?" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே படியிறங்கினார். டாக்டர் உடனே தன் காரை எடுத்தார். அதாவது, அவர் உட்கார்ந்திருக்க, புரூஃப் சாரும் வாட்ச்மேனும் பால்காரரும் சேர்ந்து எடுத்தார்கள்.

மார்க்கெட் திருப்பத்தில் டாக்டர் இறங்கவில்லை. இறங்கினால் இன்ஜின் அணைந்துவிடும். எதிர்ச்சாரியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். புரூஃப் சார் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாலையைக் கடந்தார்.

வீட்டம்மா ஐஸ் பெட்டியை ஈரத் துணியால் மூடி, ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் கோபமில்லை.

"பெட்ரோல் தீந்துபோச்சு" என்றார் மெதுவாக.

"அது எப்படி? விளக்கு எரிஞ்சிருக்குமே?"

"நேத்தே எரிஞ்சுது. பெட்ரோல் போடட்டுமான்னு உங்களைத்தான் கேட்டேன். புது வண்டி விளக்கு பொய் சொல்லும், பாதி டாங்க் இருக்கும்போதே அலறும், கண்டுக்காதேன்னீங்க. இத்தனை வருஷமாப் படிக்கிற மனுஷன் தெரியாமலா சொல்வார்னு விட்டுட்டேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த அம்மா புரூஃப் சார் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குத்தான் சார் எவ்வளவு ஏங்கியிருப்பார்! கேட்ட பாவத்துக்கு இப்படி வலிக்கிற முட்டியோடு தெருவில் நிற்கிறாளே என்று நினைத்ததும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தெருக்கோடி பெட்ரோல் பங்க்குக்கு ஓடி, ஒரு கேனில் வாங்கி வந்தார். டாங்க் மூடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். ஊற்றினார்கள். வீட்டம்மா சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பிவிட்டது.

"என்ன சார், புதுசு காலை வாரிடுச்சா?" எதிர்ச்சாரியிலிருந்து டாக்டர் கத்தினார்.

வீட்டம்மா முந்திக்கொண்டார். "ஆமா டாக்டர், ஏதோ கோளாறு."

புருஷனைப் பிறர் முன் விட்டுக்கொடுக்க மனசில்லை. அதைத்தான் சாரால் தாங்க முடியவில்லை.

"இல்ல டாக்டர். வண்டியில ஒரு கோளாறும் இல்ல. பெட்ரோல்தான் இல்ல. விளக்கு சரியாத்தான் சொல்லுச்சு, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜெயிச்சவர் அடக்கமாத்தான் சார் பேசுவார்! நீங்க சொன்னது பலிச்சிடுச்சுன்னு மாடி மாடியாச் சொல்றேன் பாருங்க." சிரித்த சிரிப்பில் ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் நழுவியது. அவர் கார் ஒரு இருமல் இருமி அணைந்தது. "சார், ஒரு தள்ளு..."

சார் தள்ளினார். அது கிளம்பியது. நிறுத்தினால் வம்பு என்று டாக்டர் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போயே போய்விட்டார்.

மூச்சு வாங்க நின்றவர் பக்கத்தில் புதுக் கார் வந்து நின்றது.

"ஏறுங்க, நேரமாகுது."

ஏறினார். உட்கார்ந்ததுமே சிவப்பாக ஒரு விளக்கு எரிந்து, கீ கீ என்று கத்தத் தொடங்கியது. இதற்கும் ஏதாவது சொல்வாரோ என்று வீட்டம்மா அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் புரூஃப் சார்.

"பெல்ட் போடச் சொல்லுது."

டாக்டர் காரில் பெல்ட்டே கிடையாது. சார் பட்டையை இழுத்து இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பெல்ட்டைப் பற்றி எத்தனையோ கட்டுரைக்குப் பிழை திருத்தியவர்.

"எங்க மாட்டறதுன்னு தெரியலை" என்றார்.

வீட்டம்மா சாய்ந்து மாட்டிவிட்டார். கத்தல் நின்றது. கார் கிளம்பியது.