டிக்கிக்குள் அடிக்கும் போன்

என் மகன் பொழிச்சலூரிலிருந்து துரைப்பாக்கத்துக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறான். அவன் குழுவுக்குத் தினமும் காலை ஒன்பது மணிக்குப் போனில் மீட்டிங். அந்த நேரத்தில் அவன் ரேடியல் ரோட்டில் இருப்பான். ஓரமாக நிறுத்திப் பேசினால் ஆபீசுக்குத் தாமதம், பேசாவிட்டால் பொறுப்பில்லாதவன். அதனால் அந்தச் சாலையில் பலரும் செய்வதை அவனும் செய்தான். போனை ஹெல்மெட்டுக்குள் காதோரம் செருகிக்கொண்டு, ஓட்டியபடியே பதில் சொன்னான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிறானே என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். முதல் வகுப்புக்குப் போகும் முன் அவனைக் கூப்பிட்டு, போய்ச் சேர்ந்தாயா என்று கேட்பது வழக்கம். அன்று போனை எடுத்தது வேறு யாரோ.

“சார், உங்க பையனா? பள்ளிக்கரணையாண்ட வண்டிலேர்ந்து வுழுந்துட்டாரு. மூச்சு கீது சார், பயப்படாத. கெளம்பி வா.”

பேசியவர் ஆட்டோ ஓட்டுநர். மகனை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, நாங்கள் போகும்வரை வாசலிலேயே நின்றிருந்தார். பஸ் ஒன்று திடீரென்று ஒதுங்கியதாம். இவன் பிரேக் பிடிப்பதற்குள் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டதாம். அவர் ஓடிப்போய் ஹெல்மெட்டைக் கழற்றியபோது உள்ளே பேச்சுக்குரல் கேட்டிருக்கிறது.

“ஆள் வுழுந்துட்டாருன்னு அதுல கத்துறேன். அவங்க பாட்டுக்கு இங்கிலீஷ்ல இன்னாவோ பேசிகினே கீறாங்க சார்.”

காரணம் பிறகுதான் தெரிந்தது. சாலை இரைச்சல் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று, தன் முறை வரும்வரை அவன் மியூட்டில் வைத்திருப்பானாம். அன்று அவன் முறை வந்தபோது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் போய்விட்டார்கள்.

போன் அழுந்தியிருந்த பக்கம்தான் கன்னத்து எலும்பு உடைந்திருந்தது. அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அதே போன் அடித்தது. அவனுடைய டீம் லீட். அவனைவிடச் சில வயதுதான் மூத்தவர். உண்மையாகவே பதறிப்போய் விசாரித்தார். அந்தப் பையன் கெட்டவர் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. கடைசியில், “சாரி அங்கிள், ஒரே ஒரு ஃபைல் அவன் லேப்டாப்ல இருக்கு” என்றார்.

சரி தம்பி, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, ரத்தம் காய்ந்திருந்த அவன் லேப்டாப் பையின் ஜிப்பைத் திறக்கப் போனேன். மேலிடத்திலிருந்து ஒன்று கேட்டால் கை தானாகப் போகிறது. என் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

“தம்பி, அவன் எழுந்து உட்கார்ற வரைக்கும் இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க.”

குரல் உயரவில்லை. பேசி முடித்ததும் போனை அணைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

எலும்பு கூடிவிட்டது. வலது காது மட்டும் பாதிதான் கேட்கிறது. அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர். வேலையை விட்டுவிடு என்று நான் கெஞ்சினேன். எங்கே போனாலும் ஒன்பது மணி மீட்டிங் இருக்கும்ப்பா என்றான். திரும்பச் சேர்வதற்கு முந்தைய நாள் டீம் லீடுக்கு ஒரு செய்தி அனுப்பினான்: வண்டி ஓட்டும்போது இனி எந்த அழைப்பையும் எடுக்க மாட்டேன், ஆபீசுக்கு வந்த பிறகுதான் மீட்டிங். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி, போனை டிக்கிக்குள் வைத்துப் பூட்டினான். பிறகு என்னைப் பார்த்தான்.

“நீங்களும் கூப்பிடக் கூடாதுப்பா. நான் போய்ச் சேர்ந்துட்டு மெசேஜ் பண்றேன்.”

சரி என்றேன். அவன் வண்டியைக் கிளப்பும்போதே டிக்கிக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. அவனுக்குக் கேட்டதா, கேட்டும் போனானா, தெரியாது. தெருமுனை திரும்பும்வரை எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் முதல் வகுப்பு மணி அடித்த பிறகும் ஆசிரியர் அறை வாசலில் நிற்கிறேன். அவன் எண்ணைத் திரையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அழுத்துவதில்லை.