மூடி வைத்த கை

பெரியகுளம் கோர்ட்டில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது பார்த்த அம்மா அவர். சின்னமனூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். எந்நேரமும் முந்தானையால் இடது கையை மூடிக்கொள்வார். காரணமில்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டாள், விவாகரத்து வேண்டும் என்று கணவன் போட்ட முதல் வழக்கில், அந்தக் கையில் அவன் சூடு வைத்த தழும்பைக் கூண்டில் ஏறிக் காட்டித்தான் ஜெயித்திருந்தார். அவனோ அதே புகாரோடு மறுபடியும் வழக்குப் போட்டான்.

"இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது. மறுபடி விசாரிக்க முடியாது" என்று நீதிபதி தள்ளுபடி செய்தார்.

வெளியே வந்ததும் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "அப்ப இனிமே இந்தக் கைய யாருக்கும் காட்ட வேணாம்ல சார்?"

"வேணாம்மா."

"போன தடவ எல்லாரும் என் கையப் பாத்தாக. இன்னைக்கி அவன் மூஞ்சியத்தேன் பாத்தாக!"

சின்னமனூர் பஸ் வந்தது. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த இடது கையையே உயர்த்தி நிறுத்தினார். அப்படி நீண்ட கையைத் தாண்டிப் போக எந்த டிரைவருக்கும் துணிச்சல் வராது.