கதவுக்குப் பின்னால் இருந்த பக்கெட்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கூடுவாஞ்சேரியில் பாத்திரம் கழுவினேன், கருங்குழியில் செங்கல் சுமந்தேன், தங்கை நிறைமாதமாக இருந்தபோது மாமல்லபுரத்தில் சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நிற்கமாட்டேன். அவளுக்கு வலி எடுத்தபோது நிற்க வேண்டியதாயிற்று. கடலோரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம். எங்களுக்கு அம்மா இல்லை, நான்தான் உள்ளே போனேன்.

"ஊரெல்லாம் சுத்தினவ, இங்க நிக்க காலு நடுங்குது பாரு," என்று வலிக்கு நடுவிலும் தங்கை கிண்டல் செய்தாள்.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்தது. நர்ஸ் குழந்தையைக் கவனிக்கத் திரும்பினார். அதற்குள் உதவிக்கு இருந்த ஆயாம்மா தங்கைக்கு அடியில் இருந்த துணியைச் சுருட்டி, கதவுக்குப் பின்னால் பக்கெட்டில் போட்டுவிட்டு வேறு துணி வைத்தார். கொஞ்சம் பொறுத்து அதையும் மாற்றினார். பெற்றவள் கண்ணில் ரத்தம் படக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நானும் நல்லதுதான் என்று நினைத்தேன். ஆனால் இரண்டாவது துணி வழியெல்லாம் சொட்டியது.

நர்ஸ் வந்து பார்த்தார். புதுத் துணியில் கொஞ்சம்தான் இருந்தது. "பரவால்ல," என்றார்.

நான் ஆயாம்மாவைப் பார்த்தேன். அவர் தலை குனிந்துகொண்டார். நான் வேலை பார்த்த இடங்களில் மேலே இருப்பவர் முன் வாயைத் திறந்தால் மறுநாள் வேலை இருக்காது. தங்கை கொட்டாவி விட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"குளுருதுக்கா."

வெளியே வெயில் கொளுத்தியது.

"சிஸ்டர், இதுக்கு முன்னாடி ரெண்டு துணி நனைஞ்சி போச்சு. பக்கெட்ல கீது," என்றேன்.

"பொண்ணு பயந்துக்கும்னு தான் சிஸ்டர்..." ஆயாம்மா இழுத்தார்.

"அத அப்புறம் பேசலாம். பக்கெட்ட கொண்டாங்க."

நர்ஸ் பக்கெட்டுக்குள் ஒரு தடவை பார்த்தார். பிறகு தங்கையின் முகத்தருகே குனிந்தார். "பாப்பா, ரத்தம் நிறைய போகுது. நிறுத்தப் போறேன். வயித்த அழுத்துவேன், வலிக்கும். கத்தணும்னா கத்து."

எதைச் சொல்லக்கூடாது என்று நாங்கள் பொத்திவைத்தோமோ அதை நேராகச் சொல்லிவிட்டார். தங்கை தலையாட்டினாள்.

"ஆயாம்மா, ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. போன்ல என்ன சொல்வீங்க, முதல்ல எனக்குச் சொல்லிக் காட்டுங்க."

ஆயாம்மா சொல்லிக் காட்டினார். பிறகு போனை எடுத்து அதையே நிதானமாகச் சொன்னார்.

நர்ஸ் ஊசி போட்டார், ட்ரிப் ஏற்றினார். என் கையை எடுத்து தங்கையின் தொப்புளுக்குக் கீழே வைத்தார். "இதான் கர்ப்பப்பை. சுருங்கி கல்லு மாதிரி இருந்தாதான் ரத்தம் நிக்கும். மாவு மாதிரி ஆனா என்ன செய்வ?"

"உடனே சொல்வேன் சிஸ்டர்."

ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு போகிற வழியில் இரண்டு முறை மாவானது. இரண்டு முறையும் கத்தினேன். நர்ஸ் அழுத்தினார். மற்ற நேரமெல்லாம் அது எப்போது இளகுமோ என்று என் உயிர் முழுக்க அந்தக் கையில் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர், "கைய எடும்மா," என்றார்.

"இப்ப கல்லா கீது," என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

குழந்தையோடு இறங்கிய ஆயாம்மா, யாரும் கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். "எல்லாத் துணியும் இதுல கீது டாக்டர். ஒண்ணும் மறைக்கல."

ரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம் என்னை உள்ளே விட்டார்கள். தங்கை கண்ணைத் திறந்தாள்.

"நிறைய போச்சாக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "நிறைய போச்சு," என்றேன்.

"பயந்துட்டியா?"

"இன்னும் பயமாத்தான் கீது."