டிக்கிக்குள் ஒரு நூல் முடிச்சு

டிங்கர் வேலை பார்க்கிறவர்களை நான் மனிதர்களோடு சேர்த்ததே இல்லை. இருபத்தாறு வருடமாகக் கார் வயரிங் பார்க்கிறேன். அதில் பாதி, அவர்கள் கெடுத்ததைச் சரிசெய்வதிலேயே போனது. தகரத்தைத் தட்டி நிமிர்த்தத் தெரியும், வெல்டிங் வைக்கத் தெரியும். அந்தத் தகரத்துக்குப் பின்னால் வயர் என்று ஒன்று ஓடுகிறது என்பது மட்டும் தெரியாது. பேட்டரியைக் கழற்றாமலே வெல்டிங் வைப்பார்கள். அந்தக் கரண்ட் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுட்டுவிட்டுப் போகும். கேட்டால், வயரையே தொடவில்லை, கார் வரும்போதே அப்படித்தான் வந்தது என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

என் தொழில்காரர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? இரண்டு வயரை முறுக்கிக் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டால் அவர்களுக்கு வேலை முடிந்தது. வெயிலில் பசை இளகி ஆறே மாதத்தில் டேப் தொங்கும். நான் டேப்புக்கு மேலே மெழுகு பூசிய வெள்ளை நூலைச் சுற்றி மூன்று முடிச்சுப் போடுவேன். செருப்புத் தைக்கிற நூல்தான். பெங்களூரில் மர்பி டவுனிலிருந்து வைட்ஃபீல்ட் வரைக்கும் வேறு எவனும் அப்படிக் கட்டுவதில்லை. நூலைப் பார்த்தாலே அண்ணன் கை என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் நானே சொல்லிக்கொள்வேன்.

போன வருடம் வைட்ஃபீல்டில் உள்ள ஒரு பாடி ஷாப்பிலிருந்து கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை, காபி மெஷின், சூப்பர்வைசர் கையில் ஒரு டேப்லெட். எல்லாம் இருக்கும், வயரிங் தெரிந்த ஆள் மட்டும் இருக்காது. எலெக்ட்ரிக்கல் தகராறு என்றால் எனக்குப் போன் வரும். நானும் டின் ஃபேக்டரி சிக்னல் நெரிசலில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போவேன்.

அங்கே வெல்டிங் வைப்பவன் எங்கள் மர்பி டவுன் ஆள்தான். எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பல வருடம் ரோட்டோரம் வேலை பார்த்துவிட்டு, முதல்முறையாக மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று உட்கார்ந்திருந்தான். ஆனால் அந்த வேலை ஒரு போர்டின் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின மாதம் வேறொருவன் பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்து, ஒரு பெரிய காரின் கம்ப்யூட்டர் பெட்டியைப் பொசுக்கிவிட்டான். அவனை அனுப்பிவிட்டு, இனி அப்படிச் செய்கிறவனுக்கு அன்றோடு கணக்கு முடிந்தது என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

நான் போனபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. வெள்ளைக் கார். சிக்னலில் நின்றபோது பின்னால் ஒரு வேன் மோதி இடது பக்கம் நசுங்கியிருந்ததாம். முந்தின நாள் வெட்டி, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள். காலையில் வண்டியை எடுக்க வந்த அம்மாள் பிரேக்கை மிதித்தால் வலது இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. அவர் ஐ.டி. கம்பெனிக்காரர். போனில் ஏதோ ஆப்பை இறக்கி, காரில் ஒரு குட்டிக் கருவியைச் செருகி, பதினோரு கோளாறு காட்டுகிறது என்று என்னிடம் நீட்டினார். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்க்கவில்லை, ஆனால் பதினோரு கோளாறு. நான் போனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டு கடிகாரம் இரண்டே கால் காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. கடிகாரத்துக்கும் ஷாக் அடித்துவிட்டது சார் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். காரின் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல், வெல்டிங் கரண்ட் வேலைதான் இது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். வெல்டிங் வைத்தது இடது பக்கம், கோளாறு வலது பக்கம் ஆச்சே என்று அந்த அம்மாள் நியாயமாகத்தான் கேட்டார். கரண்டுக்கு இடதாவது வலதாவது மேடம் என்று அவர் வாயை அடைத்தேன்.

அந்தக் காருக்கு வெல்டிங் வைத்த மர்பி டவுன் ஆள் கொஞ்சம் தள்ளி, கையில் வெல்டிங் கண்ணாடியோடு நின்றிருந்தான்.

"பேட்டரில ரெண்டு டெர்மினலும் கழட்டிட்டுத்தாண்ணா வெச்சேன். இன்னிக்குக் காலையிலதான் திரும்ப மாட்டினேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க," என்றேன். சூப்பர்வைசர் அவனை வெளியே பெஞ்சில் போய் உட்காரச் சொன்னார்.

டிக்கியைத் திறந்து முதலில் இடது பக்கம் பார்த்தேன். குறை சொல்லத்தான் பார்த்தேன். வெல்டிங் நூல் பிடித்தமாதிரி இருந்தது. எர்த் வயரைத் தகரத்தோடு சேர்க்கிற அந்தப் பக்கத்து எர்த் போல்ட்டின் அடியில், கரண்டைத் தடுக்கும் பெயின்ட்டைச் சுரண்டி, கிரீஸ் தடவி, இறுக்கி வைத்திருந்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு வலது பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினேன்.

வெள்ளை நூல். மூன்று முடிச்சு.

கார் கைமாறியிருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாலு வருடத்துக்கு முன்பு, முதல் சொந்தக்காரருக்கு ரிவர்ஸ் கேமரா மாட்டியது நான்தான். அன்றைக்கு எர்த் போல்ட்டின் மரை போயிருந்தது. புது போல்ட் போட நேரமில்லை என்று, பக்கத்துத் தகரத்தில் ஒரு ஸ்க்ரூவை முடுக்கி, டெயில் லேம்ப்பின் எர்த்தை அதில் மாட்டிவிட்டேன். பெயின்ட்டைக்கூடச் சுரண்டவில்லை. எர்த் சரியாகக் கிடைக்காவிட்டால் பிரேக் லைட்டின் கரண்ட் இண்டிகேட்டர் வழியாக வெளியேறப் பார்க்கும். இதை நான் நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். அந்த ஸ்க்ரூ துருவேறி, மோதிய அதிர்வில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் என் அழகான முடிச்சு மட்டும் அசையாமல் இருந்தது.

அப்போதுதான் கடிகாரம் மண்டையில் உறைத்தது. பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் பன்னிரண்டுக்குப் போய்விடும். திரும்ப மாட்டிய நேரத்திலிருந்து ஓடும். காலை ஒன்பது மணிக்கு மாட்டினால் பதினொன்றே காலுக்கு அது இரண்டே கால்தான் காட்டும். அவன் சொன்னது உண்மை என்பதற்குச் சாட்சி என் மூக்குக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டித்தான் நான் சிரித்தேன்.

பெயின்ட்டைச் சுரண்டி, சரியான போல்ட்டாகப் போட்டு இறுக்கினேன். பத்து நிமிஷ வேலை. கோளாறு போய்விட்டது. நூலை அறுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சூப்பர்வைசர் டேப்லெட்டோடு வந்து, தன் கன்னடத் தமிழில் ஒரே வார்த்தையில் பதில் கேட்டார். "சார், ஒரே மாத்துல சொல்லிபிடுங்க, ரிப்போர்ட் கொடணும். வெல்டிங்னாலதானே?"

பெஞ்சிலிருந்து அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கலாம் சார்," என்றேன்.

ஆமாம் என்று பொய் சொல்லவும் துணிச்சல் இல்லை, இல்லை என்று உண்மையைச் சொல்லவும் துணிச்சல் இல்லை. இருபத்தாறு வருட அனுபவசாலியின் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். சூப்பர்வைசருக்கு அது போதுமாக இருந்தது. அன்று மத்தியானமே அவனை அனுப்பிவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஏரியா கறிக்கடை வரிசையில் அவன் எனக்கு முன்னால் நின்றிருந்தான். தப்பித்துப் போக வழியில்லை. வேலை கிடைத்ததா என்று கேட்டேன். ஹொஸ்கோட்டே பக்கம் லாரி பாடி கட்டுகிற இடத்தில் தினக்கூலிக்குப் போகிறானாம். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு, கடைக்காரர் கறி வெட்டுவதைப் பார்த்தபடியே சொன்னான்.

"கார்ப்பெட்டைத் தூக்கறப்பவே உங்க நூலைப் பார்த்தேண்ணா. ஸ்க்ரூ லூசாத்தான் இருந்துது. அண்ணன் கட்டினது, நாம கை வெக்கக்கூடாதுன்னு வுட்டுட்டேன்."

கடைக்காரர் கறியைத் தராசில் வைத்தார். அவனே தொடர்ந்தான்.

"அன்னிக்கு நீங்களே சொல்வீங்கன்னு பார்த்துனு இருந்தேன்."

கறியை வாங்கிக்கொண்டு, வரேண்ணா என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த 'அண்ணா'வை அவன் விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் சூப்பர்வைசருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று, இப்போது எதற்கு சார் அதெல்லாம், விடுங்க என்றார். நானும் விட்டுவிட்டேன். அவருக்குச் சொன்னதை அவனிடம் போய்ச் சொல்ல, இரண்டு தெரு நடக்க, இன்றுவரை எனக்குக் கால் வரவில்லை.

நூல் கட்டுவதை நிறுத்திவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் ஏன் என்று கேட்டார்கள், கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது நானும் எல்லோரையும் போலக் கறுப்பு டேப்தான் சுற்றுகிறேன். அதைப் பார்த்து யார் கை என்று எவனாலும் சொல்ல முடியாது.